உப்புக் கிணற்றுப் பருத்தி

சாயங்காலம் நாலு மணிக்கு மேல்
நாளைக்கு விரியப்போகும் மொட்டைத் தேடி
வரிசைக்குள் குனிந்து போவேன்.
சுருண்ட இதழை நகத்தால் கீறி எடுத்து
மகரந்தப் பைகளை ஒன்று விடாமல் உதிர்த்து,
மிஞ்சுகிற சூல்தண்டுக்கு
ஜூஸ் கடை உறிஞ்சுகுழாயில்
ஒரு துண்டு நறுக்கி மாட்டுவேன்.
சிவப்புக் குழாய் என்றால்
காத்திருக்கிறது என்று அர்த்தம்.

மாதனூருக்குக் கிழக்கே, பாலாற்று மணலை ஒட்டி
ஏகாம்பரம் குத்தகைக்கு விட்ட முக்கால் ஏக்கர்.
கிணற்றுத் தண்ணீரில் மீட்டரை நனைத்தால்
எண் ஏறி ஏறி ஐந்தரையில் நிற்கும்.
ஷகிலா பானு மேடம் அதைக் குறித்துக்கொண்டு சிரிப்பார்:
"இந்த உப்புக்குத்தான் இவ்வளவு தூரம் வந்தோம்."
கெட்ட தண்ணீர் தேடி வந்தவர்களை
ஊர் இன்னும் முழுசாக நம்பவில்லை.

விடிகாலை ஷூ கம்பெனி பஸ்ஸில்
என் தங்கை போகிறாள், மேல்தோல் தைக்க.
தோல் அழுகாமலிருக்கப் போட்ட உப்பு
எத்தனையோ வருஷமாய் இறங்கி இறங்கி
இந்தக் கிணற்றுக்கு வந்திருக்கிறது.
அவள் சம்பளத்தில்தான் எங்கள் வீட்டில் அரிசி.
நான் யாரைத் திட்ட?

பன்னிரண்டாம் வரிசை முரட்டுச் செடி.
உப்பைக் குடித்துவிட்டு ஒன்றும் நடக்காததுபோல்
செடிக்கு நாற்பது காய்.
பஞ்சை இழுத்தால் குட்டை,
இருபத்துமூன்று மில்லிமீட்டரில் கைவிட்டுப் போகும்.
முப்பத்தோராம் வரிசை
இலையோரம் கருகி, இடுப்புக்கும் வளராமல்,
இருக்கிற ஆறேழு காயில்
ஒரு விதையை எடுத்துச் சுற்றிலும் சீவினால்
முப்பத்திரண்டு.
ஆய்வகச் சீப்பு இன்னும் வரவில்லை.
என் பேன்சீப்புதான்.

ஏகாம்பரம் வரப்பில் நின்று கேட்பார்:
"செடி கீது. காய் எங்க கீது?"
மேடம் சொல்லிப் பார்த்தார்:
ஒவ்வொரு இழையும் ஒற்றைச் செல்,
பூத்த நாளிலிருந்து இருபது, இருபத்தைந்து நாள் நீளும்,
உள்ளே தண்ணீர் முட்டித் தள்ளினால்தான் நீளும்,
அப்புறம் சுவர் தடிக்கும்,
அதன் பிறகு மழையே கொட்டினாலும்
ஒரு மயிரளவு கூடாது.
அவர் யோசித்தார்.
"மார்க்கெட்ல அதுக்கு இன்னா தருவான்?"
மேடம் தண்ணீர் பாட்டிலைத் திறந்தார்.

கத்திரி. காலை ஒன்பதுக்கே நெற்றி எரிகிறது.
பன்னிரண்டின் பூவைப் பறித்து
முப்பத்தொன்றின் குழாயைக் கழற்றித் தடவுகிறேன்.
விரலில் ஒட்ட வேண்டிய தூள் மணலாய் உதிர்கிறது.
வெயிலில் செத்த மகரந்தம்
பார்க்க உயிரோடிருப்பதுபோலத்தான் இருக்கும்.
இருநூற்றுப் பதினெட்டுப் பூவுக்குத் தடவினேன்.
வெள்ளை, மறுநாள் ரோஸ்,
அதற்கடுத்த நாள் குழாயோடு தரையில்.
நின்றது பதினொன்று.
அதில் இரண்டை ஆடு தின்றது.
யார் ஆடு என்று தெரியும். கேட்கவில்லை.

ஆனி கடைசியில் காய் வெடித்த அன்று
ஏகாம்பரம் தானாகவே சொன்னார்,
செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு:
"பாவமா கீதேன்னு அந்தக் கருகுன வரிசைக்கு
ராத்திரில ரெண்டு கொடம் குடிதண்ணி ஊத்தினேன்.
பங்குனிலருந்து.
வேன்ல வர்ற தண்ணி, கொடம் பன்னெண்டு ரூவா."

மேடம் நாற்காலி இல்லாத இடத்தில் உட்காரப் பார்த்தார்.
முப்பத்திரண்டு மில்லிமீட்டர்
செடியின் குணமா, அவர் குடத்தின் குணமா,
இனி யார் சொல்வது?
குறிப்பேட்டின் கடைசிக் கட்டம் 'பிற விவரம்'.
இதுவரை அதில் 'ஆடு' என்று மட்டும் இருந்தது.
கீழே எழுதினேன்:
நல்ல தண்ணீர், இரண்டு குடம், இரவில்.
காரணம்:
அங்கே மேடம் பேனாவை வாங்கிக்கொண்டார்.

ஒன்பது காய். இருநூற்று நாற்பது விதை.
உறையில் போட்டு ஒட்டியாயிற்று.
தையில் இதே மண், இதே கிணறு, இதே ஐந்தரை.
உறையைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்துவிட்டு
ஏகாம்பரம் கேட்கிறார்,
"இதுங்களுக்கும் ஊத்தக் கூடாதா?"