கட்டம் 212

மாநகர் மன்றம் தந்த வரைபடத்தில்
செந்தூல் முழுக்கச் சதுரங்கள்.
212 மட்டும் வெளுத்துக் கிடந்தது:
மின்கோபுரத்தடிப் புல்வெளி, கார்ப் பட்டறை, லோங்காங்.
போன வருடம் வந்தவர் எழுதியிருந்தார்:
காகம் 41, மைனா 12,
மற்றவை இல்லை.

அந்த "இல்லை"யைச் சரிபார்க்கத்தான்
மணிக்கு இவ்வளவு என்று எனக்குச் சம்பளம்.

காலை ஏழு பத்து.
நான் எண்ணத் தொடங்குமுன்
என்னை எண்ணிவிட்டது ஏதோ ஒன்று.
விருட்டென எழும்பி, வட்டமிட்டு,
இதோ ஆள் இதோ ஆள் என்று
பட்டறை நாய்வரைக்கும் சேதி சொன்னது.
மஞ்சள் கால். கண்ணோரம் சிவப்புத் தோல்.
ஆட்காட்டி.

அது இறங்கிய இடத்தில் குனிந்து தேடினேன்.
ஒன்றுமில்லை.
என்னை அங்கே தேடவைத்தது,
அவ்வளவுதான்.

"காக்!"
காகத்தைச் சொல்கிறான் என்று அண்ணாந்தேன்.
என்னைத்தான். மலாயில் அக்கா.
தோளில் புல்வெட்டும் இயந்திரத்தோடு ரஃபிகுல்,
ஊர் போக்ரா, பெர்மிட் நவம்பர் வரை.
"அடா தெலோர், காக். அம்பாட்."

முட்டை. நாலு.
சரளைக்கல்லோடு சரளைக்கல்லாய்.
இன்னும் ஓர் எட்டு வைத்திருந்தால் மிதித்திருப்பேன்.
சுற்றிலும் மிலோ டின் மூன்று கவிழ்த்து
அந்த வட்டத்தை மட்டும் வெட்டாமல் விட்டிருந்தான்.
புல் மிச்சம் என்று சூப்பர்வைசர்
இருபது வெள்ளி பிடித்துக்கொண்டாராம்.
சிரித்தபடிதான் சொன்னான்.

திரையில் புள்ளி வைக்க விரல் போனது, நின்றது.
வைத்தால் நீளக் கேமராக்காரர்கள் வருவார்கள்,
அவர்கள் காலடித் தடத்தில் பூனை வரும்.
வைக்காவிட்டால்
அடுத்த செவ்வாய் வேறொருவன் கையில் இயந்திரம்.

அலுவலகத்துக்கு அழைத்தேன்.
"இருபத்தெட்டு நாள் வெட்டு வேண்டாம்."
"காரணம் போடணுமே," என்றாள் ஹஸ்லிண்டா.
அவள் குரலுக்குப் பின்னால் யாரோ தேநீர் ஆற்றும் சத்தம்.

காரணம் என்ற கோட்டில்
முட்டை என்று தட்டினேன். அழித்தேன்.
இந்த இடத்தில் ஏற்கெனவே ஆள் இருக்கிறது
என்று தட்டினேன்.
கண்டறிந்தவர்: ரஃபிகுல்.
அடையாளக் கார்டு எண் கேட்டது படிவம்,
பன்னிரண்டு இலக்கம், குறைந்தால் நகராது.
என் எண்ணைக் கொடுத்தேன்.
பெயரை மாற்றவில்லை.

அவன் கயிற்றை இழுத்தான்.
மூன்றாம் இழுப்பில் இயந்திரம் பிடித்தது,
மின்கோபுரம் வரை அதிர்ந்தது.
ஆட்காட்டி எழவில்லை.
நான் தொப்பியைச் சரிசெய்தேன்,
அதற்கு எழுந்தது.