இடது காதுக்கு

இடது காதே,
அவர் தூங்கிவிட்டார். இனி நீயும் நானும்தான்.

ஃபால்மத் நடன மண்டபத்தில் அன்று
நூற்றுப் பன்னிரண்டு மெழுகுவர்த்திகள்.
ஆட யாரும் அழைக்காததால்
எண்ணி முடித்திருந்தேன்.
தமசின் விலாவில் இடித்தாள்:
"கேப்டன் டிரகார்த். ஆண்டுக்கு ஈராயிரம் பவுன்,
மனைவி மட்டும்தான் பாக்கி."
மழையைப் பற்றி ஏதோ சொன்னேன்,
உன் பக்கமாக நின்று.
அவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.
இன்னொரு முறை சொன்னேன்.
அந்தச் சுவருக்குக் கிடைத்த மரியாதைகூட
எனக்குக் கிடைக்கவில்லை.

வீடு திரும்பும் வண்டியில் அவரை உரித்துப் போட்டேன்.
அந்த மூக்கு, அந்தப் பித்தளைப் பொத்தான்கள்,
கர்வத்துக்குக் கால் முளைத்தால்
இப்படித்தான் நடக்கும் என்றேன்.
அம்மாவே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.
சிரிப்பு ஊரைச் சுற்றி வந்தது.
உன் தம்பி, அந்த வலது காது,
ஒரு சொல் விடாமல் கேட்டிருக்கிறான்.
லவ்டே நான்ஸுக்கு நாக்கு மட்டும்தான், நெஞ்சு கிடையாது
என்று அவரும் தீர்ப்பெழுதி மடித்து வைத்துக்கொண்டார்.

பதினான்கு மாதம்.
தேவாலயத்தில் இரண்டு வரிசை தள்ளி.
துறைமுகத்தில், காற்று ஒரே பக்கம் அடித்தாலும்
எதிரெதிர்த் திசையில்.

பிறகு தமசினின் கல்யாண விருந்து.
பாதிரியாரின் மனைவி நாற்காலிகளைத் தப்பாக எண்ணியதில்
அவருடைய வலப்பக்கம் எனக்கு வாய்த்தது.
ரொட்டியிடம் சொல்வதுபோல முணுமுணுத்தேன்:
"இந்த வாத்துக்கு இன்னும் உயிர் இருக்கிறது."
மனிதர் ஒயின் தெறிக்கச் சிரித்தார்.
திகைத்துப்போய், எழுந்து, மறுபக்கம் நின்று
அதையே சொன்னேன்.
சுவர்.
அப்போதுதான் பார்த்தேன், உன் மடல் முழுக்க
பீரங்கி மருந்து தின்ற நீலப் புள்ளிகள்.

மன்னிப்புக் கேட்டேனா? இல்லை.
நாக்கு அப்படிப்பட்டது.
திரும்பி வந்து அதே நாற்காலியில் உட்கார்ந்தேன்.
முப்பத்தொரு வருடமாக எழுந்திருக்கவில்லை.

செவிடன் காதில் ஊதிய சங்கு வீண் என்பார்கள்.
நான் இரவுதோறும் ஊதுகிறேன்.
வண்டியில் சொன்னதையெல்லாம்
ஒவ்வொன்றாகத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன், உன்னிடம்.
மூக்கைத் தவிர.
மூக்கு இன்னும் அப்படியேதான் இருக்கிறது.

நேற்று, எல்லாம் சொல்லி முடித்து
போர்வையை இழுத்துக்கொண்டபோது,
கண்ணைத் திறக்காமலே கேட்டார்:
"பொத்தான்களை எப்போது
திரும்ப வாங்கிக்கொள்வாய்?"

இடது காதே,
உண்மையைச் சொல்.