மேலே ஈபி, கீழே ஜெனரேட்டர்

ரேடியோ செட் வாடகைக்காரர் ஒருவர் தொழிலை விட்டதில்
மிண்ட் பக்கம் ஒரு கடைக்கு வந்து சேர்ந்திருந்தது.
பதினெட்டாயிரம். பேசிப் பேசிப் பதினாறரை.
விலாவில் பாதி உரிந்த ஸ்டிக்கர்:
சுப நிகழ்ச்சிகளுக்கு அணுகவும்.
போன் நம்பரில் கடைசி மூன்று எண்ணைக் காணோம்.

மீன்பாடி வண்டியில் எர்ணாவூருக்கு.
வண்டிக்காரர் விடவில்லை:
"கரண்டு எடுக்கற எடத்துலதானே உனக்கு வேலை,
அங்கேர்ந்து ஒரு ஒயரு இஸ்துக்கினு வர்றதுதானே?"
சிரித்துவைத்தேன்.
காண்ட்ராக்ட் ஆளுக்கு அங்கே
டீக்கே டோக்கன்.

தேசிங்கு டேப்பை எடுக்கவேயில்லை.
சந்துச் சுவரில் எண்ணெய்க் கோடு,
புயல் வருஷம் தண்ணீர் நின்ற உயரம்.
மூன்று முறை வெள்ளையடித்தும் மேலே வந்துவிடுகிறது.
அதன்மேல் முழங்கையை ஊன்றி
விரல் நுனி எட்டிய இடத்தில் பென்சிலால் கீறினான்.
"மேடை இதுக்கு மேல."
"இதுக்கு மேலயும் தண்ணி வந்தா?"
"வந்தா, ஜெனரேட்டரப் பத்தி
எவன் கவலைப்படப் போறான்?"

எர்த் குழிக்குக் கரி ஒரு கூடை, உப்பு ஒரு மூட்டை.
இந்த மண்ணுக்கு உப்பு வேறயா என்றாள் புஷ்பலீலா.
கணக்குன்னா கணக்குதான்க்கா என்றான்.

பிஸ்கட் அட்டையில் லோடு எழுதினான்.
ஃபேன் ரெண்டு. லைட்டு மூணு.
ஃபிரிட்ஜு, எடுக்கறப்போ இழுக்கும், யோசிச்சுக்கோங்க.
"அப்பறம்?"
பாப்பாவோட நெபுலைசர்.
"எத்தினி வாட்டு?"
மூன்று வருஷமாக ராத்திரியில் எழுந்து
இருட்டில் தடவி எடுக்கிற பெட்டி.
கவிழ்த்துப் பார்த்தோம். எழுத்து தேய்ந்துபோயிருந்தது.
நூறுன்னு போட்டுக்கறேன் என்றவன்
ஃபிரிட்ஜை அடித்துவிட்டு
இதை எல்லாவற்றுக்கும் மேலே எழுதினான்.

மூன்றடிச் சந்து.
சைலன்சர் வாய் நேராக
எஸ்தரக்காவின் சமையல்கட்டு ஜன்னலுக்கு.
கரண்டியோடு வந்து நின்றார்.
"பொகை எங்க போவும்?"
யாரும் பேசவில்லை.
"இல்ல, கேக்கறேன்.
இந்த ஊர்ல எவனாவது இத்தினி வருசத்துல
அத்தக் கேட்டிருக்கானா?"
என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.
என் தோளுக்குப் பின்னால், மாடிகளுக்கு அப்பால்,
சிவப்பும் வெள்ளையுமாய்ப் பட்டை போட்ட அது.
நான் திரும்பவில்லை.
அது அங்கேயேதான் இருக்கும்.

ஜிஐ பைப் வாங்கி இரண்டு வளைவு வைத்து
அவர் துணிக்கொடிக்கும் நாலடி மேலே கொண்டுபோனோம்.
இரண்டாயிரத்து நானூறு கூடுதல்.
ஜன்னல் வழியாக ஒரு ஒயரும் கொடுத்தோம்.
"லைட்டு மட்டும் குடு. ஃபேன் வேணாம்,
கடனாயிடும்."

கைப்பிடி மேலே இருந்தால் ஈபி, கீழே ஜெனரேட்டர்.
நடுவில் ஒன்றுமில்லை.
நடுவுல மட்டும் வுட்றாதீங்க என்று
தேசிங்கு போய்விட்டான்.

அப்புறம் ஒன்பது நாள் கரண்ட் போகவில்லை.
இப்படியொரு ஊரில் நாங்கள் குடியிருந்ததே இல்லை.
இன்னிக்காவது போவுமா என்று
தேர் பார்க்கக் காத்திருப்பவளாய்ப் பாப்பா.

பத்தாம் நாள் எனக்கு நைட் ஷிப்ட்.
சாம்பல் குழாய் அடைத்துக் குத்திக்கொண்டிருந்தோம்.
ஒன்றேகாலுக்குப் புஷ்பலீலா.
"போயிடுச்சு! நானே கயிறு இழுத்தேன்,
மூணாவது இழுப்புல புடிச்சிக்கிச்சு.
பாப்பாவுக்கு வெச்சுட்டேன். கேக்குதா?"
போனைச் சந்துப் பக்கம் நீட்டியிருப்பாள்.
என் பக்கம் நிலக்கரி மில் அரைத்துக்கொண்டிருந்தது.
ஒன்றும் கேட்கவில்லை.
கேக்குது என்றேன்.

"எஸ்தரக்கா?"

கொஞ்ச நேரம் கழித்து:
"ஜன்னல மூடித்தான் வெச்சிருக்காங்க.
இடுக்குல வெளிச்சம் தெரியுது."