கிடைத்தவர் பெயர்

மௌன அமாவாசையாம் இன்று.
விடியுமுன்னே கத்தத் தொடங்கினேன்:
பல்லியாவிலிருந்து வந்த ராம்துலாரி, உங்கள் கணவர்
பதினேழாம் கம்பத்தடியில் அழுதுகொண்டிருக்கிறார்.

நதி எந்தப் பக்கமென்று தெரியாத பனி.
மிதவைப் பாலத்துக் காவலர்
ஒரு பையனைக் கொண்டுவந்து விட்டார்.
நான்கு வயதிருக்கும். ஒற்றைச் செருப்பு.

பெயர்?
நான், என்றான்.
கல்லுவா? இல்லை. பிர்ஜுவா? இல்லை.
அப்பா பெயர்? அப்பா. ஊர்? வீடு.
பச்சை ஸ்வெட்டர் என்று எழுதப் போனேன்;
அது அண்ணனுடையது என்று கழற்றப் பார்த்தான்.

பக்கத்து முகாமில் சுவாமி மூன்று நாளாக
உடலல்ல, பெயரல்ல என்று
உரித்துக்கொண்டிருக்கிறார்.
தேநீருக்கு நிற்கையில் காதில் விழும்,
தேநீரோடு இறங்கிவிடும்.

வேறு வழியில்லை, மைக்கை அவனிடமே நீட்டினேன்.

நான்
என்றன ஐம்பது கம்பங்களும்.

பனிக்குள் போய்க்கொண்டிருந்தவர்கள் நின்றார்கள்.
பித்தளைச் செம்போடு ஒருவர்,
மொட்டைத் தலையோடு ஒரு பெண்,
செங்கல் நிறச் சால்வைக்குள் யாரோ,
எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்,
தம்மைத்தான் கூப்பிட்டதுபோல.

ஒரு மணி நேரம் கழித்து அம்மா வந்தாள்,
இன்னொரு செருப்பைக் கையில் பிடித்தபடி.
அவள் அழைத்த பெயர் ஞாபகமில்லை.

ராத்திரி பதிவேட்டை மூட வந்த சௌரசியா
என் எழுத்தின்மேல் விரலை வைத்தார்.
கிடைத்தவர்: நான்.

யார் இது, என்றார்,
நீயா?