இடது கை

ஞாயிறு காலை ஷிப்டுதான் கிடைத்தது, ஆண்டவரே.
தண்டையார்பேட்டை டிரஸ்ட் ஆஸ்பத்திரி,
இரண்டாம் மாடி, ஜன்னலோர மெஷின்.
புதன்கிழமை அண்ணி வருகிறாள்.
ஞாயிற்றில் அவள் இட்லிக்கடையை மூடினால்
வாரம் முழுக்க வீட்டில் அடுப்பு எரியாது.
ஆகவே நான்.

ஏழு வாரமாய்
காலடிப்பேட்டை சபையில் பாய் விரிப்பது யாரென்று
நான் கேட்கவில்லை.
மோட்டார் பார்ட்ஸ் கடை மாடி, ஆஸ்பெஸ்டாஸ் கூரை,
பதினெட்டுப் பாய், நாற்பது நாற்காலி.
கால் உடைந்ததைப் பார்த்துச் சுவரோரம் போடத் தெரிந்தவள்
நான் ஒருத்திதான்.
பாஸ்டர் போனில் கோபப்படவில்லை.
"ஜெபிக்கிறோம் சகோதரி" என்றார்.
பிறகு, வீட்டாரா நீரா என்று வரும்
அந்த வசனத்தின் எண்ணை மட்டும் அனுப்பினார்.
எண் போதும். எனக்கு மனப்பாடம்.

தேசிங்கு என்னை இன்னும் குமுதா என்றுதான் கூப்பிடுகிறான்.
பெர்சியாள் வாயில் நுழையலையாம்.
காசிமேட்டில் எந்த போட்டு எஞ்சின் பேரும்
பார்ட் நம்பரோடு நுழையும் அந்த வாயில்.

நான் முழுக்கு எடுத்த அன்று
அப்பா என் துணிப்பெட்டியைத் தெருவில் வைத்தார்.
இவன் கடற்கரைக்கு வந்தான்.
வாழ்த்த இல்லை.
பாஸ்டரை முறைத்துக்கொண்டே கல் மேல் நின்றான்,
தோளில் வீட்டுத் துண்டு.
வெளியே வந்தவளின் தலையை
எஞ்சின் துடைக்கிற மாதிரி அழுத்தித் துடைத்து
"சளி புடிச்சா அவரு வந்து பாப்பாரா?" என்றான்.

துண்டில் டீசல் வாசனை.

இன்று நர்ஸ் கத்தினாள்.
"ஊசி போடற கையில கயிறு கூடாதுன்னு
எத்தனை தடவை சொல்றது?"
இடது மணிக்கட்டில்
அங்காளம்மன் கோயில் சிவப்புக் கயிறு.
வலது கை ஸ்பேனர் பிடிக்கிற கை, கிரீஸ் படும் என்று
சாமியை இடதில் வைத்திருந்தான்.
ஸ்பேனர் பிடித்து எட்டு மாதமாகிறது.

"அவுத்து வலதுல கட்டணும்.
நீ தொட மாட்ட.
நர்ஸையே கேட்டுக்கறேன்" என்றான்
ஃபேனைப் பார்த்தபடி.

கேலியில்லை அது.
பதினொரு வருஷமாய்ப் பொங்கலன்று
படைக்கும் முன்பே என் பங்கை எடுத்து
தனியே மூடி வைக்கிறவன்.

அவிழ்த்தேன்.
வியர்வையில் ஊறி இறுகிய முடிச்சு.
நகம் இறங்கவில்லை,
பல்லால் கடித்தேன்.
ஆமாம், பல்லால்.
நாக்கில் உப்பும் குங்குமமும் பட்டது.
வலது கையில் சுற்றி முடிச்சு இறுக்கும்போது
வாய் தன் பாட்டுக்கு "ஸ்தோத்திரம்" என்றது.

தேசிங்கு சிரித்த சிரிப்பில் கட்டில் கிரீச்சிட்டது.
"உங்காளையும் உள்ள வுட்டுக் கட்டிட்டியா?
இருக்கட்டும், இருக்கட்டும்.
ரெண்டு பேரும் பேசிக்கட்டும்."

நான்கு மணி நேரம்
அவன் ரத்தம் வெளியே போய்ப் போய் வந்தது.
வாய் திறந்து தூங்கினான்.
நான் ஜெபிக்க முயன்றேன்.
பல்லிடுக்கில் ஒரு நூல் பிசிறு.
துப்பவா விழுங்கவா என்று
உம்மைக் கேட்கக் கூச்சமாக இருந்தது.

சாயங்காலக் கூட்டத்துக்கு ஷேர் ஆட்டோ பிடித்தேன்.
கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே
அரை மணி நேரம், ஒரு பாட்டுத் தூரம்கூட நகரவில்லை.
போனபோது ஆராதனை தொடங்கியிருந்தது.
பாய்கள் கோணல்.
உடைந்த நாற்காலி நட்ட நடுவில்.
அதைச் சுவரோரம் இழுத்துப்போட்டு
பக்கத்தில் நின்று கை உயர்த்தினேன்.

விரல் நுனிகள் சிவப்பு.
ஆஸ்பத்திரி சோப்புக்கும் போகவில்லை.

ரோதை அக்கா பார்த்துவிட்டாள்.
"மருதாணியா?" என்றாள்,
பாஸ்டர் காதில் விழாமல்.

"எங்கண்ணன்" என்றேன்.
கீபோர்டு சத்தத்தில் அவளுக்குக் கேட்டிருக்காது.