முப்பது வினாடி முந்தி

கூரை போடுகிறவன் கூரையிலிருந்து விழுந்தால்
பத்திரிகையில் வரும்.
நான் விழுந்தது ஏணியின் மூன்றாம் படியிலிருந்து.
இடது கணுக்கால் இரண்டு துண்டு.
ஆறு வாரம் அசையக் கூடாது என்றார் டாக்டர்.
முகத்தைச் சோகமாக வைத்துக்கொள்ளப் பெரும்பாடு பட்டேன்.
கிறிஸ்துமஸுக்கு மறுநாள் மெல்பர்ன் டெஸ்ட்,
புத்தாண்டில் சிட்னி டெஸ்ட்,
அந்தச் சூடு ஆறுமுன் பதினைந்து நாள் டென்னிஸ்.
காலண்டரைப் பார்த்துத்தான்
யாரோ என் எலும்பை முறித்திருக்கிறார்கள்.

ஃபுட்ஸ்கிரேயில் இரண்டாம் மாடி, மேற்குப் பார்த்த அறை.
நாற்பத்தொரு டிகிரி.
ஜன்னலில் அலுமினியத் தாள்,
முக்காலியில் கால்,
மாவுக்கட்டுக்குள் அரித்தால் சொறிய
ஒரு ஸ்டீல் ஸ்கேல்.
பகலெல்லாம் கிரிக்கெட்.
ஒன்றுமே நடக்காத ஒரு மணி நேரத்தை
உட்கார்ந்து ரசிக்கத் தெரிந்தவனுக்கு
ஒடிந்த கால் ஒரு சீசன் டிக்கெட்.

படம் இன்டர்நெட்டில் வருகிறது,
நொண்டிக்கொண்டு, என்னைப் போல.
வானொலி முந்திவிடும்.
திரையில் பந்துவீச்சாளர் இப்போதுதான் ஓடத் தொடங்குகிறார்;
வானொலியில் ஸ்டம்ப் எகிறிவிட்டது.
பாவம் அந்த மட்டையாளர்,
கையுறையை இறுக்குகிறார்,
களத்தைச் சுற்றிப் பார்க்கிறார்,
பிட்ச்சில் கிடக்கும் துரும்பைக் குனிந்து எடுத்து
ஓரமாகப் போடுகிறார்,
மாலை வரை அங்கேயே குடியிருக்கப் போகிறவர் போல.
எழுந்து போய் வானொலியை அணைக்கலாம்.
ஊன்றுகோல் கதவருகே இருக்கிறது.

இரவில் டென்னிஸ்.
வானொலி ஓய்ந்தாலும் சுவர் ஓயாது.
பக்கத்து வீட்டு வெஸ்னாவுக்கு
ஆஸ்பத்திரிச் சலவையகத்தில் வேலை;
அவள் டிவி பழைய ஆன்டெனாவில் ஓடுகிறது,
என்னுடையதைவிட அரை நிமிடம் முந்தி.
நோவி சாட்டிலிருந்து ஒரு பையன் வந்திருந்தான்,
தகுதிச் சுற்று வழியாக நுழைந்தவன்,
தரவரிசையில் நூற்று எழுபத்து மூன்று,
சட்டையில் எந்தக் கம்பெனியின் பெயரும் இல்லை.
"அய்தே!" என்று அவள் கத்தினால்
சற்று நேரத்தில் அவன் ஒரு பாயின்ட் எடுப்பான்.
பாத்திரம் உருண்டால் டபுள் ஃபால்ட்.
புனிதர்களின் பெயர்கள் வரிசையாக வந்தால்
அவன் சர்வீஸ் ஆபத்தில் இருக்கிறது.
மூன்று சுற்றும் இப்படியே போயிற்று.
அவள் மொழியில் எனக்குத் தெரிந்தது ஒரே சொல்.
அதை மட்டும் நாற்பது விதமாகத் தெரியும்.

நாலாம் சுற்று. இரவு ஒன்று இருபது.
ஐந்தாம் செட், ஐந்துக்கு ஆறு, முப்பதுக்கு நாற்பது.
அவன் பந்தைத் தரையில் தட்டுகிறான்:
ஏழு, எட்டு, ஒன்பது.
சுவரில் சத்தமே இல்லை.
பாத்திரம் இல்லை, புனிதர்கள் இல்லை.
அந்தக் கோடையில் முதன்முறையாக
அடுத்து என்ன என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன்.
உள்ளங்கை வியர்த்தது. கால் அரிக்கவில்லை.
நீண்ட ராலி. பதினெட்டாவது அடி
வலையின் மேல்நாடாவில் உட்கார்ந்து, யோசித்து,
அவன் பக்கமே விழுந்தது.

அவள் வீட்டில் அது எப்போதோ விழுந்திருந்தது.

ஊன்றுகோலைத் தவழ்ந்துபோய் எடுத்துவந்து
சுவரில் இரண்டு முறை தட்டினேன்.
பதில் இல்லை.
அவன் பையைத் தோளில் மாட்டி,
குடித்து மீந்த பாட்டிலை மறந்து,
திரும்பி வந்து எடுத்துக்கொண்டு
வெளியேறுகிறவரை இல்லை.
பிறகு அந்தப் பக்கமிருந்து ஒரு தட்டு.
ஒன்றே ஒன்று.

பிப்ரவரியில் கட்டைப் பிரித்தார்கள்.
உள்ளேயிருந்து வந்தது என் கால் இல்லை,
வெயிலே பார்க்காத எவனோ ஒருவனுடையது.
மாடிப்படியில் வெஸ்னா, கையில் தர்ப்பூசணி.
"மிஸ்டர் ஹாலரன், ஒருநாள் காலை பதினொன்றரைக்கு
அப்படி அலறினீர்களே,
வீட்டில் யாருக்காவது ஏதாவது..."
"எழுபத்தொன்பதுக்கு ஆல் அவுட்" என்றேன்.
தர்ப்பூசணியை என் கையில் கொடுத்துவிட்டு
அவள் கேட்டாள்:
"அது ரொம்ப ஜாஸ்தியா?"