ஏழு ஜன்னல்

சுறா கடித்த கயாக்குகள்
என் கொட்டகைக்குத்தான் வரும்.
டொமாலெஸ் விரிகுடா கடலில் கலக்கிற இடம்.
மதியம்வரை மூடுபனி.
சூட்டுக்காற்றுக் குழல், சுரண்டி,
ஏழெட்டு நிறத்தில் பிளாஸ்டிக் குச்சிகள்.
உருக்கி, அமுக்கி, ஆறியதும் தேய்த்தால்
மறுபடி மிதக்கும்.

மீதித் தொழில், கேட்பது.

ரோஹேலியோ வந்தபோது சுறா பன்னிரண்டு அடி.
காபி ஆறுவதற்குள் பதினைந்து.
பில் போடும் நேரம் அவன் மைத்துனன் வந்துவிட்டான்,
அவனுக்காக முதலிலிருந்து:
தூண்டிலில் லிங்காட்,
இழுக்கிறான், இழுக்கிறான்,
சட்டென்று தங்கூசி தொய்கிறது,
அப்புறம் அடியிலிருந்து ஒரு லாரி.
லாரி என்றுதான் சொன்னான்.
பதினெட்டு அடி.

நான் பேசாமல்
அளவு நாடாவை வளைத்து
படகின் வயிற்றில் வைத்தேன்.
கதைக்குக் கால் முளைக்கும்,
பல்தடத்துக்கு முளைக்காது.
ஒன்பது, மிஞ்சினால் பத்து.
விடலைச் சுறா.
கையில்லாததால்
எதையும் வாயால் தொட்டுப் பார்க்கிற வயசு.

ஆனால் கதை முழுக்க
அவன் முழங்கை நடுங்கிக்கொண்டே இருந்தது.
அதை அளக்க என்னிடம் நாடா கிடையாது.
பில்லில் பதினெட்டு என்றே எழுதினேன்.

வெண்டல் ஹாஸ்கின்ஸ் வேறு ரகம்.
ஓட்டையை அடைக்காதே, என்றான்,
கண்ணாடி மாதிரி ஏதாவது வைத்து மூடு,
பார்க்கிறவன் பார்க்கட்டும்.
மூடிக் கொடுத்தேன்.
அந்த வழியாக இப்போது அவன்
கடலைப் பார்க்கிறானாம், கடல் அவனையும்.

செப்டம்பர் கடைசியில் இனெஸ் டெஷேரா வந்தாள்.
பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள்.
படகும் பஸ் மஞ்சள்தான்.
"பார்த்துச் சொல்லுங்கள்."
கவிழ்த்தேன். விளக்கைக் கிட்டே பிடித்தேன்.
உள்ளங்கையால் தடவினேன்,
மூக்கிலிருந்து வால்வரை.
மணலில் இழுத்த பழைய கீறல்கள், அவ்வளவுதான்.

எங்கே கடித்தது?

கடிக்கவில்லை.

முட்டியதா?

இல்லை.

மழை பிடித்திருந்தது. உட்காரச் சொன்னேன்.
அவள் உட்காரவில்லை.

காற்றே இல்லாத காலை.
தூண்டில்கூட இன்னும் போடவில்லை.
ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள்.
இடப்பக்கம் தண்ணீர்
கொஞ்சம் உயர்ந்த மாதிரி இருந்தது.
முதலில் மூக்கு கடந்தது.
பிறகு கண்.
கறுப்பு என்பார்கள், கறுப்பில்லை,
கருநீலம்,
அது அவளைப் பார்த்தது,
பார்த்து முடித்தது.
பிறகு மீதி உடம்பு,
மீதி, மீதி,
கடந்துகொண்டே.

எத்தனை அடி?

அடி தெரியாது. ஏழு ஜன்னல்.
என் படகு ஐந்து.

சிரிக்கப் போனவன் நிறுத்திக்கொண்டேன்.
பஸ் ஓட்டுகிறவளுக்கு
நீளம் எப்படிப் பிசகும்?

தோல் மட்டும் தண்ணீரில் மிதந்தது, என்றாள்.
எந்தத் தோல் என்று கேட்டேன்.
ஆரஞ்சுத் தோல்.

இப்போது பிள்ளைகள் ஏறி உட்கார்ந்தபின்
இடப்பக்கக் கண்ணாடியைப் பார்க்க
கழுத்து திரும்ப மாட்டேன் என்கிறதாம்.
எங்கோ உடைந்திருக்க வேண்டும்,
படகில் இருந்தால்
நீங்கள் கண்டுபிடிப்பீர்கள் என்று வந்தேன்.

குழலைச் சூடேற்றினேன்.
ஏன் என்று தெரியவில்லை,
அவள் பார்க்க ஏதாவது செய்ய வேண்டியிருந்தது.
அரக்கு வாசனை போல ஒன்று எழுந்தது.
எங்கேயும் வைக்காமல் அணைத்தேன்.

படகை விட்டுவிட்டுப் போனாள்.
சாவி ஆடும் சத்தம்,
பிறகு பஸ் பின்வாங்கும்போது கத்துமே, அது.

நவம்பர் ஆகிவிட்டது.
ரோஹேலியோ வந்து வேலை முடிந்ததா என்று
தன் படகைத் தேடுகிறான்.
சுறா இருபதைத் தொட்டுவிட்டது.
சுவரோரம் மஞ்சளைப் பார்த்து,
இதற்கு என்ன, என்கிறான்.

இன்னும் அகப்படவில்லை, என்கிறேன்.
நாடாவை எடுத்து
இன்னொரு முறை
இடப்பக்கம் குனிகிறேன்.